டோர்ட்மண்ட் குளிரும் மிருதங்கத்தின் சட்டையும்

மிருதங்கம் வாசிக்கிறவனுக்குப் பத்து விரலும் சோறு போடுகிற பிள்ளைகள். அந்தப் பத்துப் பேரையும் ஜனவரி மாதத்து ஜெர்மனியில் சைக்கிள் ஹேண்டில்பார் மேல் உட்காரவைத்து ஊர்வலம் விட்ட புத்திசாலி நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். போனில் சொன்னபோது என் மனைவி, "உங்களுக்கு அறிவே கிடையாதா?" என்று கேட்டாள். கல்யாணமான நாளிலிருந்து கேட்கிற கேள்விதான். ஆனால் இந்த முறை நியாயம் அவள் பக்கம் இருந்தது.

போனது ஒரு அரங்கேற்றத்துக்கு. டோர்ட்மண்டில் இருக்கிற சிவம் அண்ணையின் மகள் அபி பரதநாட்டியத்தில் அரங்கேறுகிறாள். பாட்டும் வயலினும் பாரிஸிலிருந்து, நட்டுவாங்கம் உள்ளூர் சுகந்தி டீச்சர், மிருதங்கம் மட்டும் இந்தியாவிலிருந்துதான் வரவேண்டும் என்று அண்ணைக்கு ஒரே பிடிவாதம். பெரிய வித்வான்கள் எல்லாம் மார்கழிக் கச்சேரிகள் முடிந்து களைத்துக் கிடந்த நேரம். அதனால் தஞ்சாவூர் பக்கிரிசாமிக்கு அடித்தது யோகம். அழைப்பிதழில் என் பெயருக்கு முன்னால் 'லய ஞானச் சுடர்' என்று போட்டிருந்தார்கள். அந்தப் பட்டத்தை எனக்கு யார் கொடுத்தார்கள், எப்போது கொடுத்தார்கள் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லுகிற பழக்கமும் எனக்குக் கிடையாது.

விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவு திறந்ததும் ஒரு காற்று வந்து மூக்கைப் பிடித்துத் திருகியது. சிவம் அண்ணை ஒரு தடித்த கோட்டோடு காத்துக்கொண்டிருந்தார். என் தோளில் அதைப் போர்த்திவிட்டு, "இது ஒண்டும் பெரிய குளிரில்லை மாஸ்டர், இனித்தான் வரும்" என்றார். அதைத் திகில் கதை மாதிரி சொல்லாமல், சாப்பாட்டுக்கு அப்பளம் வரும் என்கிற மாதிரி சொன்னார்.

வீட்டில் அவருடைய மனைவி வசந்தி அக்கா இடியப்பமும் சொதியும் வைத்திருந்தார். தேங்காய்ப்பாலில் மஞ்சள் போட்ட அந்தச் சொதியைக் குடித்த பிறகுதான் என் காது இரண்டும் திரும்பி வந்து தலையில் ஒட்டிக்கொண்டன. எங்கள் ஊரில் இடியப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும்தான். இதைச் சொன்னதும் அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்து இன்னொரு அகப்பை ஊற்றினார்.

சிக்கல் மறுநாள் ஆரம்பித்தது. அண்ணைக்கு விடியற்காலையிலேயே தொழிற்சாலை வேலை, கார் அவரோடு போய்விடும். அக்காவுக்கு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. அபி பள்ளிக்கூடத்திலிருந்து நேரே ஒத்திகைக்குப் போய்விடுவாள். ஒத்திகை நடந்தது ஒரு தேவாலயத்தின் பக்கத்து மண்டபத்தில். மிருதங்கத்தை முதல் நாளே டீச்சர் காரில் அங்கே கொண்டுபோய் வைத்தாயிற்று. நான் மட்டும்தான் தனியாகப் போய்ச் சேரவேண்டிய சாமான்.

டிராமில் ஏறினேன். சரியான டிராம், சரியான நம்பர், தப்பான திசை. கடைசி நிறுத்தத்தில் ஓட்டுநர் எழுந்து வந்து ஜெர்மனில் ஏதோ சொன்னார். நான் தலையாட்டினேன். அவர் மறுபடி சொன்னார், நான் மறுபடி தலையாட்டினேன். பிறகு அவரே என் கையைப் பிடித்து எதிர்ப்பக்க மேடையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டுப் போனார். மண்டபத்துக்குள் நுழைந்தபோது சுகந்தி டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

திரும்பி வந்தபோது கீழ்வீட்டு ஃப்ரௌ க்ரூகர் சைக்கிளில் வந்து இறங்கினார். எழுபது தாண்டிய அம்மாள். கூடையில் ரொட்டி, கன்னம் இரண்டும் பீட்ரூட் நிறம், வாயில் சீட்டி. பார்த்ததும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "அண்ணே, உங்ககிட்ட சைக்கிள் இருக்கா?" என்று சிவம் அண்ணையிடம் கேட்டேன். அவர், "கிடக்கு. ஆனா மாஸ்டர், கை..." என்று இழுத்தார். "கையா? நான் தஞ்சாவூர்ல பனியில சைக்கிள் மிதிச்சவன்" என்றேன். தஞ்சாவூர்ப் பனி என்றால் மார்கழியில் புல் கொஞ்சம் ஈரமாக இருக்கும், அவ்வளவுதான். அண்ணைக்கு அது தெரியவா போகிறது என்று அடித்துவிட்டேன்.

வசந்தி அக்கா தன் கையுறையைக் கொடுத்தார். கம்பளிநூலில் பின்னியது. ரோஜா நிறம், புறங்கையில் வெள்ளைப் பூக்கள். ஆண்பிள்ளை போடுகிற நிறமா என்று யோசித்தேன். கால்வாய் ஓரத்துப் பாதையில் திரும்பியதும் அந்த யோசனையெல்லாம் பறந்துவிட்டது. அங்கே அடித்த காற்றுக்கு அந்தக் கம்பளி வெறும் சல்லடை. நடந்து போகும்போது இதமாக இருக்கிற கையுறை, சைக்கிளில் ஏறினால் கையிலேயே இல்லை. மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்து, சூடாக்கும் கம்பிகள் மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். விரல்களுக்குள் எறும்பு ஓடியது. முதல் ஜதிக்கு என் கை என் பேச்சையே கேட்கவில்லை.

அன்று இடைவேளையில்தான் அபி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பதினாறு வயசு. அப்பாவிடம் தமிழ், தோழிகளிடம் ஜெர்மன், கோபம் வந்தால் இரண்டும் சேர்ந்து.

"அங்கிள், உங்கட கை சரியாகிடும்தானே?"

"ஏம்மா, பயமா?"

"போன வருஷம் பள்ளிக்கூட விழாவில சிடிக்கு ஆடினனான். சலங்கை வார் அவிழ்ந்து ஒரு இடம் விட்டிட்டன். சிடி நிக்காதுதானே? அது தன்பாட்டில போகுது. நான் நடு மேடையில சும்மா பாத்துக்கொண்டு நிக்கிறன். பெடியள் எல்லாம் சிரிச்சவங்கள். ஆடவே மாட்டன் எண்டு கன நாள் அழுதனான். பிறகுதான் அப்பா சொன்னவர், அரங்கேற்றத்துக்கு ஆள்தான் வாசிக்கவேணும், அதுவும் காலைப் பாத்து வாசிக்கிற ஆள் எண்டு."

லய ஞானச் சுடரை டோர்ட்மண்டுக்கு வரவழைத்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. இந்தப் பெண் தடுக்கினால் நின்று பிடிக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுடைய விரல் வேலை செய்யவேண்டும். "நான் இருக்கேன்ல?" என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவிட்டு, மறுபடி போய்க் கம்பி மேல் கையை வைத்துக்கொண்டேன்.

மறுநாள் சிவம் அண்ணை எங்கோ தள்ளுபடியில் ஒரு ஜோடி வாங்கி வந்தார். பனிச்சறுக்குக்குப் போகிறவர்கள் போடுகிற உறை. போட்டதும் என் கை இரண்டும் இரண்டு தலையணை ஆயின. சூடு என்றால் அப்படி ஒரு சூடு, உள்ளே இட்லி வேகலாம். ஆனால் மணியை அடிக்க முடியவில்லை, பிரேக் எங்கே இருக்கிறது என்றும் தெரியவில்லை. ஒரு ரொட்டிக்கடை வளைவில் பிரேக்கைப் பிடிப்பதாக நினைத்துக்கொண்டு வேறு எதையோ பிடித்தேன். கடை வாசலில் வைத்திருந்த விலைப்பலகை விழுந்தது, அதன் மேல் நான், என் மேல் சைக்கிள்.

கடைக்கார அம்மாள் ஓடி வந்து என்னைத் தூக்கினார். என் கையைப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல, வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அதில் ஆங்கிலம் தெரிந்த ஒருவர் எனக்குச் சொன்னார்: "மலை இந்தப் பக்கம் இல்லை என்கிறார்." நானும் சிரித்தேன். ஒரு சூடான ரொட்டியைத் தாளில் சுற்றிக் கையில் கொடுத்தார் அந்த அம்மாள். கையுறையைவிட அந்த ரொட்டி நன்றாக வேலை செய்தது. தின்ன மனசே வரவில்லை, ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டே நின்றேன்.

இது சரிப்படாது என்று அன்று ஒத்திகை முடிந்ததும் அபி என்னை ஒரு சைக்கிள் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வழியில் கறி வூர்ஸ்ட் தின்றோம். கறி என்ற பேரைக் கேட்டு ஆசையோடு வாங்கினேன். கொத்துக்கறிக் குழல்மேல் தக்காளி சாஸை ஊற்றி, அதன்மேல் மசாலாப்பொடியைத் திருநீறு மாதிரி தூவிக் கொடுத்தார்கள். எங்கள் ஊர்க் கறிக்கடை பாய் பார்த்தால் கத்தியைக் கீழே போட்டுவிட்டுத் துறவறம் போயிருப்பார். நான் இரண்டு தட்டு தின்றேன், அது வேறு விஷயம்.

கடையில் ஒரு சுவர் முழுக்கக் கையுறை. தோலில், ரப்பரில், உள்ளே பஞ்சு வைத்தது, வெளியே மழை ஒட்டாதது, விரல் இல்லாதது. இதில் எதைப் பொறுக்குவது? எனக்குத் தெரிந்தது ஒரே சோதனைதான். ஒரு ஜோடியைப் போட்டுக்கொண்டு கல்லா மேசையில் 'தகதிமி தகஜுணு' வாசித்துப் பார்த்தேன். விரல் மடங்குகிறதா, சத்தம் எழும்புகிறதா, அவ்வளவுதான் கணக்கு. அடுத்த ஜோடி, மறுபடி தகதிமி. மூன்றாவது ஜோடிக்கு, ஒரே சொல்லை மூன்று முறை அடுக்கி முடிக்கிற ஒரு சின்ன மோரா வைத்துப் பார்க்கிறேன், தாடிவைத்த கடைக்காரர் முகம் சிவந்து வேகமாக வந்தார். அபி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என்னம்மா சொல்றார்?"

"'வாறன், வாறன், ஏன் மேசையைத் தட்டி அவசரப்படுத்துறீங்கள், எனக்கு ரெண்டு கைதான் இருக்கு' எண்டு சொல்லுறார்."

அபி விளக்கியதும் அவர் அப்படியே மாறிவிட்டார். உள்ளே போய் இன்னும் ஒரு குவியலை அள்ளி வந்தார். நண்டுக்கால் மாதிரி ஒன்று காட்டினார். ஐந்து விரலுக்கும் சேர்த்து மூன்றே பொந்து, இரண்டிரண்டு விரலாகச் சேர்ந்து குளிர் காயுமாம். எனக்குப் பிடித்துப்போயிற்று. ஆனால் என் கை அளவுக்கு அது இல்லை. ஜெர்மன்காரர்களுக்குக் கை முறம் அளவு இருக்கிறது. என் அளவுக்குச் சிறுவர் பகுதிக்குப் போகச் சொன்னார். அங்கே எல்லாவற்றிலும் டைனோசர்.

கடைசியில் மெல்லிய கறுப்பு ஜோடி ஒன்று வாங்கினேன். பிரேக் பிடித்தது, மணி அடித்தது, தகதிமி சுத்தமாக விழுந்தது. 'குளிர்காலச் சைக்கிளுக்கு' என்று அட்டையில் எழுதியிருந்ததாம். எந்தக் குளிர்காலம் என்று எழுதவில்லை. அன்றைக்கு இரவோடு இரவாகக் குளிர் திடீரென்று இறங்கி, காலையில் கால்வாய் ஓரத்தில் தண்ணீரே தோல் கட்டிக் கிடந்தது. சிவம் அண்ணை சொன்ன அந்த "இனித்தான் வரும்" வந்துவிட்டது.

அப்போது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. இறைச்சியைக் குளிர்பெட்டியில் வைக்க அக்கா பயன்படுத்துகிற பிளாஸ்டிக் பையை முதலில் கையில் மாட்டினேன், அதன்மேல் கறுப்புக் கையுறை. காற்று நுழையவே இல்லை. ஆகா, பக்கிரிசாமி மூளையே மூளை என்று என்னை நானே மெச்சிக்கொண்டு பாதி வழி போனேன். பிறகு கை வியர்த்தது. வியர்வை போக வழியில்லாமல் உள்ளேயே தேங்கி, அது குளிர்ந்து, என் விரல்கள் ஐஸ் தண்ணீரில் மிதக்க ஆரம்பித்தன. மண்டபத்தில் பையைக் கழற்றியபோது விரலெல்லாம் வெளுத்து, சுருங்கி, ஊறிய அவல் மாதிரி இருந்தது. அதோடு உட்கார்ந்து ஒரு மணி நேரம் வாசித்தேன். வலது ஆள்காட்டி விரல் நுனியில் தோல் பிளந்து ரத்தம் வந்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மிருதங்கத்தில் 'நம்' என்கிற சொல் அந்த விரலில்தான் பிறக்கிறது. நம் இல்லாத மிருதங்கம் வெறும் மரம். பிளாஸ்டர் போட்டுக்கொண்டு வாசித்தால் சத்தம் செத்துவிடும்.

சுகந்தி டீச்சர் தட்டுக்கழியைக் கீழே வைத்தார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"மாஸ்டர், ஏலாட்டி இப்பவே சொல்லுங்கோ. எல்லா உருப்படியும் என்னட்டைச் சிடியில கிடக்கு. கடைசி நேரத்தில பிள்ளையை நடுவில விட ஏலாது."

அபி சலங்கையை அவிழ்க்கத் தொடங்கினாள். எனக்கு அவமானம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். என் இடத்தில் ஒரு வட்டத்தகடா! ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் ஆத்திரம் போய் வெறும் பயம்தான் மிஞ்சியது. "ரெண்டு நாள் பொறுங்க டீச்சர்" என்று மட்டும் சொன்னேன்.

வசந்தி அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு வெள்ளைக் களிம்பு கொண்டுவந்து வெடிப்பில் போட்டார். அத்தோடு நான் சும்மா இருந்திருக்கவேண்டும். தமிழன் தோல் வெடித்தால் தேங்காயெண்ணெய் தேடாமல் இருப்பானா? மறுநாள் வெள்ளிக்கிழமை, போத்தலில் கல்லாக உறைந்து கிடந்த எண்ணெயைக் கரண்டியால் தோண்டி, உருக்கி, இரண்டு கையிலும் மொழுக்கென்று தடவி, கையுறையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பாதி வழியில் அந்த எண்ணெய் கையுறைக்குள்ளேயே மறுபடி உறைந்தது. விரலை மடக்கினால் மெழுகுவத்தியை மடக்குகிற மாதிரி இருந்தது. மண்டபத்தின் சூட்டில் திரும்ப உருகியது. சோப்பு போட்டுக் கழுவினேன், துண்டில் துடைத்தேன், போய்விட்டது என்று நம்பி உட்கார்ந்தேன். நகக்கண்ணில் ஒளிந்திருந்தது எனக்குத் தெரியவில்லை. மிருதங்கத்தின் வலது பக்கம் நடுவில் இருக்கிற கறுப்புக் கரணையில் என் விரல் பட்டபோது எண்ணெய் மினுங்கியது. கரணையில் எண்ணெய் படக்கூடாது என்பது அரைக்கால் டவுசர் போட்ட வயசில் படித்த முதல் பாடம். அன்று மிருதங்கம் 'நம்' என்று சொல்லவில்லை, ஜலதோஷம் பிடித்தவன் மாதிரி 'ங்ங்' என்றது.

டீச்சர் தன் பையைத் திறந்து சிடியை எடுத்து மேசை மேல் வைத்தார். நான் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

மிருதங்கத்தை வீட்டில் வைத்துச் சரிசெய்யலாம் என்று அன்று சாயந்தரம் அண்ணை காரில் ஏற்றினார். சைக்கிளை அங்கே விட முடியாது, அதனால் நான் மிதித்து வந்தேன். முன்னால் என் மிருதங்கம் ஹீட்டர் போட்ட காரில் பின்சீட்டில் சாய்ந்துகொண்டு போகிறது. பின்னால் அதன் முதலாளி மூக்கில் நீர் வழிய மிதிக்கிறேன். பிழைப்பைப் பாருங்கள்.

வீட்டில் பெட்டியைத் திறந்தேன். விமானத்துக்காக வாங்கிய கெட்டியான ஃபைபர் பெட்டி. அதற்குள்ளே மிருதங்கம் தன் சட்டையோடு படுத்திருந்தது. அந்தச் சட்டை தஞ்சாவூரில் தைத்தது. மெரூன் வெல்வெட், உள்ளே கனமாகப் பஞ்சு வைத்த மெத்தை, மேலே தங்க ஜரிகையில் நீளவாக்கில் 'பக்கிரிசாமி'. கரணையில் காய்ந்த ரவையைத் தூவி எண்ணெயை ஒற்றி எடுத்துக்கொண்டே, சட்டைக்குள் ஒரு கையை விட்டேன். அடேயப்பா! இன்னொரு கையையும் விட்டேன். வெளியே எடுக்கவே மனசு வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன மாஸ்டர், மிருதங்கத்துக்குப் பிரசவம் பாக்கிறியளோ?" வாசலில் சிவம் அண்ணை.

கண்ணைத் திறந்தேன். "அக்காகிட்ட தையல் மெஷின் இருக்கா?" என்றேன்.

விஷயம் புரிந்ததும் வசந்தி அக்கா கையை எடுத்துக் கும்பிட்டுவிட்டார். "ஐயோ, வாத்தியத்தின்ர உறையை வெட்டுறதோ? சரஸ்வதியெல்லோ?" அபியின் உடுப்பெல்லாம் தைத்த கை, இதற்குத் துணியவில்லை. "அக்கா, சரஸ்வதிக்கு ஃபைபர் பெட்டி இருக்கு. எனக்குத்தான் ஒண்ணும் இல்ல" என்றேன். அவர் யோசித்தார். மகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கத்தரிக்கோலைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்து எடுத்துவந்து, சட்டையை நடுவில் சரக்கென்று இரண்டாக வெட்டினார்.

இரண்டு துண்டும் இரண்டு பெரிய பை. ஒவ்வொன்றையும் ஹேண்டில்பாரின் ஒரு பிடியில் மாட்டி, நாடாவால் இறுக்கினோம். பிரேக்கும் மணியும் பைக்குள்ளேயே இருந்தன. வெளியிலிருந்து கையை நுழைத்தால் மெத்தைக்குள் போய்ச் சேரும். உள்ளே வேண்டுமானால் அக்காவின் ரோஜா நிறக் கம்பளி. காற்று வராது, வியர்க்காது, விரல் ஒவ்வொன்றும் தன்னிஷ்டத்துக்கு மடங்கும். இடது பக்கம் 'பக்கிரி', வலது பக்கம் 'சாமி' என்று ஜரிகை மின்னியது. அதைப் பார்த்து அபி அன்றைக்குத்தான் மறுபடி வாய்விட்டுச் சிரித்தாள்.

சனிக்கிழமை முழு ஒத்திகை. கால்வாய்க் காற்று அடித்துப் பார்த்தது, என்னிடம் ஒன்றும் நடக்கவில்லை. ஃப்ரௌ க்ரூகர் எதிரே வந்து, இறங்கி, என் ஹேண்டில்பாரைச் சுற்றிவந்து தொட்டுப் பார்த்து, கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். அந்தக் கௌரவம் லய ஞானச் சுடரைவிடப் பெரியது. சிக்னலில் பக்கத்தில் நின்ற காரின் கண்ணாடி இறங்கியது. தமிழ் முகம். "அண்ணை, ஆர் பக்கிரி, ஆர் சாமி?" என்று கேட்டார். "இடது கை கொஞ்சம் பக்கிரி" என்றேன். பச்சை விழுந்ததும் சிரித்துக்கொண்டே போனார்.

மண்டபத்தில் போய் உட்கார்ந்தேன். வெடிப்பு மூடியிருந்தது. முழுக்க ஆறவில்லை, ஆனால் மூடியிருந்தது. 'நம்' வைத்தேன். மணி மாதிரி விழுந்தது. டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். சிடி மேசையிலேயே கிடந்தது, எடுத்துப் பைக்குள் வைக்கவும் இல்லை, போடவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அரங்கேற்றம். அண்ணையின் காரில் முன்சீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டு நடராஜர் சிலை. பின்சீட்டில் அபி, அலங்காரப் பெட்டி, மாலை, குத்துவிளக்கு, அக்கா மடியில் வடைச் சட்டி. என் மிருதங்கத்துக்கு டிக்கியில் இடம் கிடைத்தது. "மாஸ்டர், உங்களுக்கு டாக்ஸி சொல்லுறன்" என்றார் அண்ணை. "டாக்ஸியா? என் வண்டிக்கு என்ன குறை?" என்றேன். பட்டு வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, உள்ளே இரண்டு கம்பளிக் கால்சட்டை, மேலே கோட்டு, குரங்குக் குல்லா. அப்படியே டோர்ட்மண்ட் நகர வீதியில் பவனி போனேன். நாய்கூடக் குரைக்கவில்லை, நின்று பார்த்தது.

மண்டபம் நிறைந்திருந்தது. பாரிஸிலிருந்து வந்த பாட்டுக்கார அம்மாள் நன்றாகப் பாடினார். பிரதம விருந்தினர், சுருக்கமாக என்று ஆரம்பித்து, வெகுநேரம் பேசினார். எனக்கு அதிலெல்லாம் கவனமில்லை. அபியின் கால் மட்டும்தான் என் கண்ணில் இருந்தது.

வர்ணம் வந்தது. முழு நிகழ்ச்சியிலும் நீளமான, கடினமான உருப்படி. தாளம் எட்டு எட்டு எண்ணிக்கையாகச் சுற்றும், ஜதி முடிகிற அடி சரியாக முதல் எண்ணிக்கையில் விழவேண்டும். மூன்றாவது தீர்மானத்தில், அதாவது ஜதியை முடித்துவைக்கிற கோவையில், அபி ஒரு அடவை விட்டுவிட்டாள். எனக்கு முன்கூட்டியே தெரிந்தது. வலது கால் எழவேண்டிய இடத்தில் இடது எழுந்தது. நாலு எண்ணிக்கை மிச்சம் இருக்கும்போதே முடித்துவிட்டு, நடு மேடையில் கையை உயர்த்தி நின்றாள். சுகந்தி டீச்சரின் வாயில் சொல் நின்றது, கழி காற்றில் நின்றது. நாலு எண்ணிக்கை வெறும் வெளி. அபியின் கண் பயத்தோடு என் பக்கம் திரும்பியது.

அந்த நாலையும் நான் எடுத்துக்கொண்டேன். 'தரிகிட தக, தரிகிட தக' என்று விரல் ஓடியது. குளிர்ந்த கை இதைச் செய்திருக்காது, யோசிக்கிறதற்குள் இடம் போயிருக்கும். சூடான விரல் யோசிக்காமல் ஓடியது. கடைசி அரையில் அபிக்குப் பிடிபட்டது. நின்ற நிலை மாறாமல், கண்ணை மட்டும் இப்படியும் அப்படியும் ஓட்டி, முதல் எண்ணிக்கையில் ஒரே ஒரு தட்டு தட்டினாள். என் 'நம்'மும் அவள் காலும் டீச்சரின் கழியும் ஒன்றாக விழுந்தன. கூட்டம் கைதட்டியது. எனக்கு முதுகெல்லாம் வேர்த்துவிட்டது.

நிகழ்ச்சி முடிவில் பொன்னாடை. எனக்குப் போர்த்தியபோது சிவம் அண்ணை ஒரு தாம்பாளத்தையும் நீட்டினார். வெற்றிலை, பாக்கு, மாம்பழம், நடுவில் ஒரு ஜோடி கையுறை. டுசல்டோர்ஃப் வரைக்கும் போய்த் தேடினாராம். மேடையிலேயே போட்டுப் பார்த்தேன். மெல்லிய தோல், உள்ளே மென்மயிர், ஒவ்வொரு விரலும் அளவெடுத்துத் தைத்த மாதிரி. அவ்வளவு கச்சிதமான கையுறையை நான் என் வாழ்நாளில் போட்டதில்லை. மறுநாள் காலை எனக்குச் சென்னைக்கு விமானம்.

அலங்கார அறையில் அபி தரையில் உட்கார்ந்து சலங்கையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

"அங்கிள், நான் பிழை விட்டது எல்லாருக்கும் விளங்கியிருக்குமோ?"

நான் பதில் சொல்வதற்குள் கதவு திறந்து சிவம் அண்ணை வந்தார். கண் சிவந்து, மூக்கு ஒழுகி, வேட்டி பாதி அவிழ்ந்து கிடந்தது.

"பிள்ளை, எல்லாம் வடிவு. ஆனா அந்த ஒரு இடம்! நீ சிலை மாதிரி நிண்டியே, மாஸ்டர் தனிய வாசிச்சாரே, பிறகு ஒரே ஒரு தட்டு. அதுதான் பிள்ளை உச்சம். எனக்கு அழுகையே வந்திட்டுது. சிடியில இதெல்லாம் வருமோ?"

அபி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். பின்னால் நின்ற சுகந்தி டீச்சர் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே, "ஓம், அந்த இடத்தை அப்படியே வைச்சிருப்பம். அடுத்த பிள்ளைக்கும் அதைத்தான் சொல்லிக் குடுக்கப்போறன்" என்றார். என் பக்கம் திரும்பி, சிரிக்கவில்லை, தலையை மட்டும் லேசாகத் தாழ்த்தினார்.

வெளியே பனி கொட்ட ஆரம்பித்திருந்தது. அபி ஒப்பனை கலையாத முகத்தோடு, மருதாணிக் கையை ஊதிக்கொண்டே என் சைக்கிளிடம் வந்து, இரண்டு கையையும் மெத்தைக்குள் நுழைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"அங்கிள், இதை விட்டிட்டுப் போறியளோ? பள்ளிக்கூடத்துக்கு நான் சைக்கிள்லதானே போறனான்."

"எடுத்துக்கம்மா" என்றேன்.

மறுநாள் என் மிருதங்கம் பொன்னாடையைச் சுற்றிக்கொண்டு ஃபைபர் பெட்டிக்குள் படுத்தது. டோர்ட்மண்டில் ஒரு பெண் பக்கிரியையும் சாமியையும் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள்.